பதினான்காம் நம்பர் மிஷினுக்குப் பொட்டு இல்லை

அன்றைக்கு ஆயுத பூஜை. எங்கள் கம்பெனியில் முப்பத்திரண்டு தையல் மிஷின்கள். முப்பத்தொன்றுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியாயிற்று. பதினான்காம் நம்பர் ஓவர்லாக் மிஷின் மட்டும் மொட்டையாக நின்றது. அதன் நெற்றியில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது.

“மத உணர்வை மதித்து இந்த மிஷினுக்குப் பூஜையிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.”

முதலாளி சூடத் தட்டோடு வரிசையாக வந்தார். பன்னிரண்டுக்குக் காட்டினார். பதின்மூன்றுக்குக் காட்டினார். பதினான்கு வந்ததும் தட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, ரோட்டில் சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி ஒரு பெரிய எட்டு வைத்துப் பதினைந்துக்குப் போய்விட்டார்.

அந்த மிஷினில் பதினோரு வருஷமாகத் தைப்பவள் ஜெபமணி. பக்கத்திலேயே நின்றாள். சலவைச் சேலை கட்டியிருந்தாள். பொரி வாங்கிப் போக வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்திருந்தாள்.

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தாள். அதிலிருந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்தக் கையெழுத்து என்னுடையது.

கத்தினால்தான் பேச்சு

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள், “அம்மா, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று கடிதம் போடுகிறார்கள். சாமளாபுரத்தில் விசைத்தறிக்குப் பக்கத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் உப்பு கேட்பதாக இருந்தாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். எட்டுத் தறி ஓடும்போது மெதுவாகப் பேசுகிறவன் பட்டினி கிடப்பான். கல்யாணமாகி அருள்புரத்துக்கு வந்த பிறகும் தொண்டை இறங்கவில்லை. கோபம் அதோடு சேர்ந்து வந்ததா, தனியாக வந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்தத் தொண்டைக்காகத்தான் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வேறு தகுதி கிடையாது.

எங்கள் முதலாளி சென்னியப்பன். அவரும் நெசவுக் குடும்பம்தான். தறியை விற்றுவிட்டுப் பனியனுக்கு வந்தவர். முருகன் என்றால் உயிர். தை மாதம் பழனிக்கு நடந்து போவார். பாத்ரூமுக்குப் புதுக் குழாய் போட்டாலும் முருகன் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டுத்தான் திறப்பார். குரலே எழும்பாது. சத்தம் போட வேண்டிய இடத்தில் எல்லாம் என்னை அனுப்பிவிடுவார்.

நாங்கள் தைத்தது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான பனியன். அதனால் ஊசி விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள். குழந்தைத் துணியில் ஊசித்துண்டு சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மிஷினில் ஊசி உடைந்தால் தைப்பவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்ட வேண்டும். முதலாளி வந்து துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, முழு ஊசி வருகிறதா என்று எண்ணிக் கையெழுத்துப் போடுவார். ஒரு கடுகளவு குறைந்தாலும் புது ஊசி கிடையாது. அந்த மிஷின் நிற்கும். காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரே தரையில் தவழுவார். ஊசி டப்பா அவர் மேஜை டிராயரில்தான் இருக்கும்.

இந்த ஊசிப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் கூடை

ஜெபமணி சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, ஒரு ஞாயிறு தவறமாட்டாள். நெற்றியில் பொட்டு வைக்கமாட்டாள். ஆனால் ஆயுத பூஜைக்கு முதல் ஆளாக வந்து தன் மிஷினை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைப்பாள். முதலாளி பொட்டு வைக்க வருவதற்கு முன்னால் மிஷின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்வாள். முடிந்ததும் நகர்ந்து நிற்பாள். அவர் பொட்டு வைப்பார்.

ஒரு தடவை நான் கேட்டேன், இது என்ன ரெண்டுங்கெட்டான் வேலை என்று.

“அவிய அவிய சாமிக்குச் செய்யுதாவ. நான் எங்க ஆண்டவர்ட்ட சொல்லுதேன். மிஷினுக்கு ரெண்டு பக்கமும் ஆளு இருக்கட்டுமேக்கா” என்றாள்.

பொரிக்கும் ஒரு முறை இருந்தது. சாமிக்குப் படைத்ததை ஜெபமணி சாப்பிடமாட்டாள். அயர்னிங் மாஸ்டர் பஷீர் பாயும் சாப்பிடமாட்டார். அதனால் பொரி மூட்டை வந்ததும், பூஜைக்கு வைப்பதற்கு முன்பே முதலாளி தன் கையால் ஒரு பச்சை பிளாஸ்டிக் கூடையில் தனியாக அள்ளி வைத்துவிடுவார். பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரை, ஆளுக்கு ஒரு மூடித் தேங்காய். படைக்காதது. பூஜை முடிந்ததும் அந்தக் கூடையிலிருந்து அவர்களுக்குப் போகும்.

இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் வருஷம் ஜெபமணி பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்திருக்கிறாள். அதைப் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷம் கூடை வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுடுவார்கள். அப்போது முதலாளி பழனிக்கு மாலை போட்டிருப்பார். வெளியே சமைத்ததைத் தொடமாட்டார். எங்களுக்கெல்லாம் முறுக்கு வரும். அவருக்கு மட்டும் ஒரு சீப்பு பூவன்பழம். வாங்கிக்கொண்டு, “ஏனுங் அம்மணி, எனக்கு முறுக்கு இல்லீங்களா?” என்பார். “மாலையக் கழட்டிட்டுக் கேளுங்க மொதலாளி” என்பாள். வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேரும் புதிதாகச் சொன்னதுபோலச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு சண்டை வேண்டும்

ஊரில் பாதிப் பேரிடம் செல்போன் வந்து, மீதிப் பேருக்கு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பனியனை மொத்தமாக வாங்க ஒரு பெரிய பையர் வருவதாகச் சொன்னார்கள். பையருக்கு முன்னால் கம்பெனியைச் சோதித்துப் பார்க்க அவர்களுடைய ஆடிட்டர் வருவார். ஆடிட்டருக்கு முன்னால் ஒரு பட்டியல் வந்தது. தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, அவசர வழி. அதில் கடைசியாக, பல மதத்தவர் வேலை செய்யும் இடமென்றால் ‘மதப் புரிந்துணர்வுக் கமிட்டி’ ஒன்று இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் விவேக் என்று ஒரு பையன் இருந்தான். டை கட்டியவன். அவன்தான் கமிட்டி போட்டான். கிறிஸ்தவர்களுக்கு ஜெபமணி. முஸ்லிம்களுக்கு பஷீர் பாய். இந்துக்களுக்கு நான்.

“நான் எதுக்குடா?” என்றேன்.

“உங்கள எதிர்த்துப் பேச எல்லாரும் பயப்படுவாங்கக்கா” என்றான்.

ஒரு நோட்டு வாங்கி அட்டை போட்டோம். முதல் கூட்டம் துணி குடோனில், துணிச் சுருள்மேல் உட்கார்ந்து நடந்தது. ஜெபமணிக்கு அன்று அவசரப் பீஸ். வரவில்லை. நான், பஷீர் பாய், விவேக்.

“எழுதிக்கிடுங்க. பிரச்சினை ஒண்ணும் இல்லை” என்றார் பஷீர் பாய்.

“அப்படி எழுத முடியாது பாய்” என்றான் விவேக். “ஒரு புகாரும் இல்லாத கமிட்டிய ஆடிட்டர் நம்பமாட்டாங்க. சும்மா பேருக்குப் போட்டதுன்னு சொல்லிருவாங்க. ஒரு புகார் வரணும். நாம அதத் தீர்க்கணும். அப்பத்தான் கமிட்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“சண்டையே இல்லையேப்பா.”

“பாருங்க பாய். ஏதாச்சும் இருக்கும்.”

தேடினோம். எங்கள் கம்பெனியில் சண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் ஃபேன் சண்டை. ஃபேன் இந்தப் பக்கம் திரும்பணுமா அந்தப் பக்கமா என்று மாதத்துக்கு இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கடுத்து குடிதண்ணீர்க் குழாய். அதற்கடுத்து சோற்று டப்பா வைக்கும் அலமாரியில் மேல் தட்டு யாருக்கு என்பது.

“ஃபேன எழுதலாமுங்களே” என்றார் பஷீர் பாய்.

“அதுல மதம் எங்க பாய் இருக்கு?”

“ஃபேனுக்கு நேர் அடியில யாரு ஒக்காந்திருக்கறாங்க? முருகர் படம். முருகருக்கு வேர்க்கறதே இல்லீங்க. என் அயர்னிங் டேபிள் பக்கம் வந்து பாருங்க, பொரிச்ச கோழியாட்டம் நிக்கறேன்.”

விவேக் அதை யோசித்தே பார்த்தான். பிறகு, முருகரை எதிர்க்கட்சியாகச் சேர்க்க முடியாது என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஷீர் பாய் பள்ளிவாசலுக்குப் போவதை எழுதலாமா என்றான். அதில் என்ன புகார்? அவர் போகும்போது அயர்ன்பாக்ஸை அணைத்துவிட்டுப் போவார், திரும்பி வந்து, விட்ட வேலையை முடிப்பார். பத்து வருஷமாக நடப்பது. அவர் போகிற நேரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சூடு குறையும். அவ்வளவுதான்.

அரை மணி நேரம் போயிற்று. எனக்குப் பொறுமை போயிற்று. “ஜெபமணி மிஷினுக்குப் பொட்டு வைக்கறாங்கல்ல, அத எழுதித் தொலை” என்று கத்தினேன்.

விவேக்கின் முகம் பல்பு மாதிரி எரிந்தது.

எழுதியது நான். “ஆயுத பூஜை அன்று எனது மிஷினுக்குப் பொட்டு வைப்பதால் எனது மனம் புண்படுகிறது.” நோட்டைக் கொண்டுபோய் ஜெபமணிக்கு முன்னால் நீட்டினேன். “கமிட்டி நோட்டு. கையெழுத்துப் போடு.” அவள் பீஸிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டாள். ஒரு நாளைக்கு அவள் நான் நீட்டுகிற எத்தனையோ சீட்டில் போடுகிறாள். ஒன்றையும் படித்ததில்லை. என்னை எதற்குப் படிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

பயப்படாதீர்கள்

ஆடிட்டர் ஒரு அம்மாள். சென்னை. நல்ல மனுஷி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தீயணைப்பானைப் பார்த்தார், கக்கூஸைப் பார்த்தார். கமிட்டி நோட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். ஒரு தொழிலாளி துணிந்து முதலாளிமேல் புகார் கொடுத்திருக்கிறாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஜெபமணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றார்.

பதினைந்து நிமிஷம் கழித்து ஜெபமணி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“யக்கா, அந்த அம்மா என்னமோ கேக்காவ. பொட்டு வைக்கது கஷ்டமா இருக்கான்னாவ. இல்லம்மான்னேன். பயப்படாம சொல்லுங்கன்னாவ. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னேன். இங்க யாரும் கேக்கல, பயப்படாதிங்கன்னாவ. யாரும் மெரட்டுனாவளான்னாவ. சொல்லச் சொல்ல எனக்கு மெய்யாவே பயம் வந்துட்டுக்கா. கை நடுங்கிட்டு. அதப் பாத்துட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாவ. என்னக்கா நடக்கு?”

“ஒண்ணுமில்ல, போய்த் தை” என்றேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் நோட்டு பொய் என்று ஆகும், ஆர்டர் போகும் என்று விவேக் சொல்லியிருந்தான். அது ஒரு சாக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் விஷயம்.

‘புகார்தாரர் பேசவே அஞ்சுகிறார்’ என்று ஆடிட்டர் எழுதிவிட்டார். இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று, ஜெபமணியின் மிஷினுக்கு இனி பொட்டு வைக்கக் கூடாது. இரண்டாவது, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் வந்தது. எங்கள் ஒற்றுமையைக் காட்ட வேண்டும் என்று பச்சைக் கூடையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன்.

“மற்ற மதத்துக்காரங்களுக்குத் தனிக் கூடையா?” என்றார். பேனாவை எடுத்துவிட்டார். “சாப்பாட்டுல பாகுபாடு. உடனே நிறுத்துங்க. எல்லாருக்கும் ஒரே கூடை.”

பஷீர் பாய் இதைக் கேட்டு வெகுநேரம் அயர்ன்பாக்ஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். “பத்து வருசமாப் பொரி தின்னேனுங்க. இப்பச் சமத்துவம் வந்து என் பொரியப் புடுங்கிக்கிச்சு” என்றார்.

முதலாளி நோட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி படித்தார்.

“பதினோரு வருசமா அந்தம்மா மனசு புண்பட்டிருக்குதுங்களா, சரசு?” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “பீஸ் நிக்குதுங்க” என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

அன்றிலிருந்து அவர் ஜெபமணியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபம் இல்லை. மறுபடியும் புண்படுத்திவிடுவோமோ என்ற பயம். அவள் இருக்கும் வரிசை வழியாக நடப்பதே இல்லை. அவளுக்கு ஊசி உடைந்தால் துண்டை எண்ண வராமல் விவேக்கை அனுப்பினார். முதலாளி ஊசி எண்ண வராதது அந்தக் கம்பெனி வரலாற்றிலேயே முதல் தடவை.

மிஷினுக்கு மதம்

இதற்கு நடுவில் விவேக் இன்னொரு வேலை செய்தான். ஆடிட்டர் திரும்ப வரும்போது காட்ட, எந்த மிஷின் எந்த மதம் என்று ஒரு பட்டியல் தயாரித்தான். பதினான்கு கிறிஸ்தவம். அதில் குழப்பமில்லை. ஆனால் எங்கள் லைனில் யாராவது லீவு போட்டால் இன்னொருவர் அந்த மிஷினில் உட்காருவார். ஒரு நாள் மத்தியானம் ஒன்பதாம் நம்பர் லீவு. ஜெபமணியை அங்கே மாற்றினேன். விவேக் ஓடி வந்தான்.

“அக்கா, ஒன்பது இந்து மிஷின். போன வருஷத்துப் பொட்டு இன்னும் இருக்கு. அழிக்கணுமா?”

“பதினாலுல இப்ப முருகாத்தா உக்காந்திருக்கறா. அது என்ன மதம்?” என்றேன்.

பஷீர் பாய் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். “தம்பி, மிஷினு பூராவும் ஜப்பான்ல இருந்து வந்ததுங்க. அல்லாத்துக்கும் புத்தர்னு போட்டுருங்க. செலவு மிச்சம்.”

விவேக் அதையும் எழுதிக்கொண்டான் என்று நினைக்கிறேன். அவன் எதையும் விடமாட்டான்.

தூக்குவாளி

இப்போது முதலில் சொன்ன நாளுக்கு வருகிறேன். காலையில் அந்தக் காகிதத்தை எழுதி, அட்டைப்பெட்டி ஒட்டுகிற பசையை அப்பி, பதினான்காம் நம்பர் மிஷினில் நானே ஒட்டினேன். ஆடிட்டர் சொன்ன திருத்தத்தை நிறைவேற்றியதற்கு போட்டோ அனுப்ப வேண்டுமாம். விவேக் போட்டோ எடுத்தான்.

பூஜை முடிந்தது. எல்லாரும் பொரிக்கு வரிசையில் நின்றார்கள். ஒரே கூடை. எல்லாம் படைத்த பொரி. பஷீர் பாய் வரிசையின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது ஜெபமணியும் இல்லை. மிஷினில் காகிதமும் இல்லை. கிழித்திருக்கிறாள். தரையில் ஒரு துணுக்குகூடக் கிடக்கவில்லை. வெறும் தூக்குவாளியோடு போயிருக்கிறாள்.

பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்தது. முதல் நாள் அவள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருந்தாள், வேறு கம்பெனி பார்த்துக்கொண்டேன் என்று.

மூன்றாம் நாள் காலையில் வந்தாள். வேலைக்கு இல்லை. தன் கத்தரியையும் உட்காரும் தலையணையையும் எடுத்துப் போக. பதினோரு வருஷம் உட்கார்ந்து அமுங்கிப்போன தலையணை.

“எங்க போற?” என்றேன்.

“மொதலாளி என் மொகத்தப் பாக்க மாட்டேங்காவ. நான் என்ன தப்பு செஞ்சேன்னும் தெரியல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க ஒக்காருவேன்? நான் பொட்டு வைக்கமாட்டேன், சரி. அது எங்க வழக்கம். மிஷின் என்னக்கா பாவம் பண்ணிச்சு?”

நான் செய்ததைச் சொல்ல வேண்டிய நேரம். எனக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. “உன்ன எவ படிக்காமக் கையெழுத்துப் போடச் சொன்னா!” என்று கத்தினேன். லைன் முழுக்க மிஷின்கள் நின்றன. “நான் நீட்டுனா நீ போட்டுருவியா? நான் என்ன பைபிளா? எழுதுனது நான்! பொய்யி! ஆடிட்டருக்குக் காட்ட ஒரு சண்டை வேணும்னு எழுதினேன்!”

கத்தி முடித்தபோது மூச்சு வாங்கியது. அவளைத் திட்டிக்கொண்டே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தேன்.

சத்தம் கேட்டு முதலாளி கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது. என் தொண்டைக்கு அது கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஜெபமணி தலையணையைக் கீழே வைத்தாள். பிறகு, “அந்த நோட்டக் குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, தான் கையெழுத்துப் போட்டதைப் படித்தாள். படித்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அந்தக் காகிதம், துண்டு துண்டாக. உடைந்ததை ஒரு துண்டு விடாமல் பொறுக்கி வைக்கிற பழக்கம். கோபத்தில் கிழித்தபோதும் கை அதைத்தான் செய்திருக்கிறது.

நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, துண்டுகளை வரிசையாக அடுக்கி, செலோ டேப் போட்டு ஒட்டினாள். உடைந்த ஊசியை ஒட்டுகிற மாதிரியே. கீழே எழுதினாள். “எனது மிஷினுக்குப் பொட்டு வைக்கவில்லை. எனக்கும் பாய்க்கும் பொரி தரவில்லை. மன வருத்தம்.” எழுதியதை வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நோட்டைக் கண்ணாடி அறைப் பக்கம் நீட்டினாள். “துண்டு எல்லாம் சரியா இருக்கா எண்ணிப் பாருங்க மொதலாளி.”

ஒரு துண்டு குறைகிறது

முதலாளி வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஊசித்துண்டைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. விரலைப் பார்த்தேன்.

“மேல் மூலை ஒண்ணு கொறையுதுங் அம்மணி” என்றார்.

“எல்லாம் பொறுக்குனனே.”

“கொறையுதுங்க. கெடைக்காமக் கையெழுத்துப் போட முடியாதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. உடைந்தது முழுசாகக் கிடைக்காமல் மிஷினை ஓட்டக் கூடாது, அது சட்டம். எல்லாரும் தேடினோம். பஷீர் பாய் விளக்குமாறோடு வந்தார். விவேக் டையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் நுழைந்தான். முதலாளி பழக்க தோஷத்தில் காந்தத்தை எடுத்துக்கொண்டு தவழ்ந்தார். “அது காகிதமுங்க” என்று பஷீர் பாய் சொன்ன பிறகுதான் காந்தத்தைக் கீழே வைத்தார்.

கண்டுபிடித்தவர் அவர்தான். மிஷினின் நெற்றியிலேயே இருந்தது. என்னுடைய அட்டைப்பெட்டிப் பசை அந்த மூலையை விடவில்லை. ‘மத’ என்ற இரண்டு எழுத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, நோட்டில் தன் கையால் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பசை போன இடத்தில் வட்டமாக ஒரு கறை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தையும் சூடத் தட்டையும் எடுத்து வந்தார். ஆயுத பூஜை முடிந்து நாலு நாள். நல்ல நேரமா கெட்ட நேரமா என்று காலண்டரைப் பார்க்காமல் அவர் செய்த ஒரே பூஜை அதுதான்.

“நீங்க மொதல்லங் அம்மணி” என்றார்.

ஜெபமணி மிஷின்மேல் கை வைத்தாள். கண்ணை மூடினாள். முதலாளி அவசரத்தில் சூடத்தை முன்பே ஏற்றிவிட்டார். அவளுடைய ஜெபமோ அன்றைக்கென்று நீண்டுகொண்டே போனது. மிஷினுக்கு, லைனுக்கு, கம்பெனிக்கு, கரண்டு போகாமல் இருப்பதற்கு, பஷீர் பாயின் முட்டிவலிக்கு. சூடம் அணைந்தது. மெதுவாக இன்னொன்று ஏற்றினார். அதுவும் அணைந்தது.

“முடிஞ்சுதுங்களா?” என்றார் பாயைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து.

“இன்னும் சரசு வரலீங்க” என்று பாய் முணுமுணுத்தார்.

கடைசியாக ஜெபத்தில் நானும் வந்தேன். “நாவை அடக்க இந்த அக்காவுக்குக் கிருபை செய்யும் ஆண்டவரே” என்றாள். லைன் முழுக்க, கிறிஸ்தவர் இந்து பார்க்காமல், “ஆமென்” என்றது. இவர்கள் எல்லாரும் இதற்காகத்தான் காத்திருந்தார்கள் போல.

மூன்றாவது சூடத்தில் தீபாராதனை முடிந்தது. கறை இருந்த இடத்தில் சரியாகச் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். பச்சைக் கூடையை எங்கிருந்தோ தேடி எடுத்து, பொரி வாங்க விவேக்கை வண்டியில் அனுப்பினார். ஜெபமணி தலையணையைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தாள். என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் நீட்டிய ஒவ்வொரு சீட்டையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். லைன் தாமதமானது. நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து ஆடிட்டர் அம்மாள் திரும்ப வந்தார். பொட்டு வைத்ததற்கு ஒரு புகார், பொட்டு வைக்காததற்கு ஒரு புகார், இரண்டிலும் ஒரே கையெழுத்து. நடுவில் கிழிந்த காகிதம், மூலை உட்பட. நோட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். ஜெபமணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை ஐந்தே நிமிஷம். ஜெபமணி சிரித்துக்கொண்டே வந்தாள்.

“என்ன கேட்டாங்க?” என்றேன்.

“பயப்படாமச் சொல்லுங்கன்னாவ.”

“நீ என்ன சொன்ன?”

“பயமாத்தான் இருக்குன்னேன். ஒடனே பேனாவ எடுத்துட்டாவ. எதுக்குப் பயம்னு கேட்டாவ.” மிஷினில் உட்கார்ந்து பீஸை இழுத்துக்கொண்டாள். “மறுபடியும் கமிட்டி போட்டு எங்கள ஒத்துமையாக்கிருவியளோன்னு பயமா இருக்கும்மான்னேன்.”